சமூகப்பணியில் முனைவர் பட்டம்: எதைச் சாதனை என்று கொள்வது?

பட்டமளிப்பு விழாக் காலத்தில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இரண்டு வகைச் செய்திகள் வரும். “சமூக சேவைக்காக டாக்டர் பட்டம்” என்று ஒன்று, “சமூகப்பணித் துறையில் முனைவர் பட்டம்” என்று இன்னொன்று. இரண்டுக்கும் சால்வை, இரண்டுக்கும் புகைப்படம். முதலாவதற்குத் தேர்வும் கிடையாது, ஆய்வேடும் கிடையாது. இரண்டாவதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பிலிருந்து சமூகத்துக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் செய்தி சொல்வதில்லை. எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், எத்தனை கட்டுரை வெளியிட்டார்கள் என்ற எண்ணிக்கையோடு கல்லூரிகளின் சாதனைப் பட்டியல்களும் நின்றுவிடுகின்றன.

சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு பிஎச்.டி.க்குப் போகலாமா என்று யோசிப்பவருக்கும், தொண்டு நிறுவனத்துக்கு ஓர் ஆய்வாளரைத் தேடுபவருக்கும் இந்த எண்ணிக்கை போதாது. ஒரு சமூகப்பணி ஆய்வு எழுப்பிய கேள்வியை வேறொருவர் வேறோர் ஊரில் எடுத்துச் சோதிக்க முடிகிறதா, அந்தச் சோதனையில் தோற்கவும் அதற்கு இடமிருக்கிறதா என்பதே சரியான அளவுகோல். அதைப் பயன்படுத்த வேண்டுமானால் பட்டத்தின் வகை, அதற்கான வழி, ஆய்வு பலவீனமாகும் இடங்கள் ஆகியவை தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே முன்னொட்டு, மூன்று பட்டங்கள்

1. கௌரவ டாக்டர் பட்டம். பொதுவாழ்வுப் பங்களிப்பைப் பாராட்டிப் பல்கலைக்கழகம் தருவது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டம் 1956-இன் 22-ஆம் பிரிவின்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அதிகாரமளித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. அறக்கட்டளையோ “சர்வதேச கவுன்சில்” என்று பெயர் வைத்துக்கொண்ட அமைப்போ தர முடியாது. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக அரங்கில் ஒரு தனியார் அமைப்பு திரைத்துறையினர் உள்ளிட்ட பலருக்கு இப்படிப் பட்டம் வழங்கியபோது, தங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் போலீசில் புகார் கொடுத்தது.

2. பிஎச்.டி. ஆய்வுப் பட்டம். புதிய அறிவை உருவாக்கி, அதை நிபுணர்கள் முன் நிலைநாட்டிப் பெறுவது. இந்தியாவில் சமூகப்பணி முனைவர் என்றால் ஏறக்குறைய எப்போதும் இதுதான்.

3. டி.எஸ்.டபிள்யூ. (டாக்டர் ஆஃப் சோஷியல் ஒர்க்). அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் சமூகப்பணியின் ஆய்வுப் பட்டத்துக்கே பல இடங்களில் இந்தப் பெயர் இருந்தது. பிறகு பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக பிஎச்.டி.க்கு மாறின. 2007-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் டி.எஸ்.டபிள்யூ.வைத் தொழில்முறை முனைவர் பட்டமாக மறுபடி கொண்டுவந்தது. களத்தில் பல ஆண்டு வேலை செய்தவர்கள் சிகிச்சைத் திறனையும் நிர்வாகத் திறனையும் கூட்டிக்கொள்ளச் சேர்வது இது. இதை முடித்தவரிடம் பெரிய புள்ளியியல் ஆய்வை எதிர்பார்ப்பது முறையல்ல. பிஎச்.டி. முடித்தவர் நல்ல ஆலோசகராகத்தான் இருப்பார் என்று எண்ணுவதும் அப்படியே.

துறை ஆய்வுக்கு வந்த வழி

சமூகப்பணி தொண்டு மனப்பான்மையிலிருந்து பிறந்தது என்பது பாதி உண்மைதான். அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரி 1915-இல் தொடங்கிய துறைக்கு “சமூகப் பொருளாதாரமும் சமூக ஆய்வும்” என்றே பெயர். அமெரிக்க சமூகப்பணி முனைவர் படிப்பின் வேர் அங்கே இருக்கிறது. சிகாகோவில் பொருளாதாரத்தில் முனைவரான எடித் அபட், 1924-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளிக்குத் தலைவரானார். புள்ளிவிவரமும் சட்டமும் அரசுக் கொள்கையும் தெரியாமல் ஏழைக் குடும்பத்துக்கு உதவ முடியாது என்பது அவர் பிடித்துநின்ற கருத்து. இந்தியாவில் 1936-இல் மும்பையில் டாடா பள்ளி வந்தது. அதுதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் தொடங்கியது.

பயிற்சி வளர்ந்த வேகத்தில் ஆய்வு வளரவில்லை. அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் 1988-இல் அமைத்த பணிக்குழு 1991-இல் தந்த அறிக்கை இதை வெளிப்படையாகவே சொன்னது. மக்களுக்கு மனநல சேவை தருவதில் சமூகப்பணியாளர்களின் பங்கு மிகப் பெரியது, ஆனால் அந்தச் சேவை பலனளிக்கிறதா என்று ஆராயும் சமூகப்பணி ஆய்வாளர்கள் மிகக் குறைவு என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1993 முதல் சமூகப்பணிப் பள்ளிகளில் ஆய்வு மையங்களுக்கு நிதி வந்தது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் முதலில் பெற்றவற்றில் ஒன்று. அந்தப் பெயர் கீழே மீண்டும் வரும்.

இந்தியாவில் பிஎச்.டி.: படிப்படியாக

இப்போது நடைமுறையில் இருப்பது யுஜிசியின் 2022 நவம்பர் விதிமுறை. பல்கலைக்கழகங்கள் இதற்கு மேல் கூடுதல் நிபந்தனை வைக்கலாம், இதைவிடக் குறைக்க முடியாது.

1. தகுதி: முதுகலையில் 55 சதவீதம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவீதத் தளர்வு. நான்கு ஆண்டு இளங்கலை முடித்தவர் 75 சதவீதம் பெற்றிருந்தால் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

2. நுழைவு: 2024 ஜூன் முதல், தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் முடிவு மூன்று வகையாக வருகிறது. உதவித்தொகையோடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகையினருக்கு நெட் மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30 விழுக்காடு என்று எடுத்துக்கொள்ளப்படும், மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும். சமூகப்பணிக்கான பாட எண் 10.

3. உதவித்தொகை: ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆகும்போது 42,000. இது இல்லாமல் சேர்பவர்கள் பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்கிறார்கள். ஆய்வு எந்த அளவில் நடக்கும், எந்த மாவட்டத்தோடு நின்றுவிடும் என்பதைப் பல நேரம் இந்த ஒரு விஷயமே தீர்மானித்துவிடுகிறது.

4. கைடு: ஒரு நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வழிநடத்தலாம். சேரும் முன் கைடின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அவரிடம் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

5. கோர்ஸ் ஒர்க்: குறைந்தது 12 கிரெடிட், ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறி என்ற தாள் உட்பட. தேர்ச்சிக்கு 55 சதவீதம் வேண்டும்.

6. கால அளவு: குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுடையவர்களுக்கும் மேலும் இரண்டு ஆண்டு கிடைக்கும். மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 240 நாள்.

7. ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தை வைக்க வேண்டும். முடிவில் சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கம், பிறகு ஆய்வேடு. கைடு தவிர, நிறுவனத்துக்கு வெளியே குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள். கடைசியாக வைவா என்ற வாய்மொழித் தேர்வு. ஆய்வேடு கொடுத்ததிலிருந்து ஆறு மாதத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்பது விதி.

2016 விதிமுறையில் ஆய்வேட்டுக்கு முன் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2022 விதிமுறை அதை நீக்கிவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் இன்னும் தங்கள் அளவில் வைத்திருக்கின்றன. நீக்கியது நல்லதே. அந்தக் கட்டாயம்தான் காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிடும் இதழ்களை வளர்த்தது. அவற்றைத் தடுக்க வந்த, ஏற்கத்தக்க இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டது. ஆகவே “கேர் பட்டியல் இதழில் வெளியானது” என்பது இனிமேல் தனியாக ஒரு தகுதி ஆகாது.

பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை இருந்தால் திருத்தித் தர வேண்டும், 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை, அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. இது 2018 விதிமுறை. மென்பொருள் பிடிப்பது வாக்கிய ஒப்புமையை மட்டும்தான். ஏற்கெனவே நூறு பேர் கேட்ட கேள்வியை நூற்றியோராவது ஆளாகக் கேட்பதைப் பிடிக்க எந்த மென்பொருளும் இல்லை.

ஆய்வேடு எங்கே பலவீனமாகிறது

“…மாவட்டத்தில் …பெண்கள் எதிர்கொள்ளும் பிரச்சினைகள்: ஓர் ஆய்வு.” மாவட்டத்தையும் பிரிவையும் மாற்றினால் இன்னோர் ஆய்வேடு. முந்நூறு பேரிடம் நேர்காணல் அட்டவணை, வயது, கல்வி, வருமானம் என்று சதவீத அட்டவணைகள், பிறகு இரு பண்புகளுக்கிடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square), கடைசியில் “அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்” என்ற பரிந்துரை. இப்படி எழுதுபவர்கள் சோம்பேறிகள் அல்ல. வெயிலில் அலைந்து முந்நூறு வீடு ஏறி இறங்கியவர்கள். அந்த அலைச்சல் வீணாவதற்குக் காரணம் வடிவமைப்பில் இருக்கிறது.

முதல் கோளாறு, ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில். நேர்காணலுக்கான பெயர்ப் பட்டியலைத் தொண்டு நிறுவனமோ சுயஉதவிக் குழுக் கூட்டமைப்போ தரும். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் இன்றுவரை குழுவில் நிலைத்தவர்கள். கடன் கட்ட முடியாமல் விலகியவர், கூட்டத்துக்கு வர கணவர் விடாதவர், பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர் ஆகியோர் அதில் இல்லை. குழு பலனளிக்கிறது என்ற முடிவு பட்டியலிலேயே எழுதப்பட்டுவிட்டது. தொடங்கிய ஆண்டின் பதிவேட்டை வாங்கி, அதிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்து, விலகியவர்களையும் தேடிப் போனால்தான் கேள்விக்கு உயிர் வரும். கூடுதலாகச் சில மாதம் ஆகும். ஆகட்டும்.

இரண்டாவது, சோதனைகளின் எண்ணிக்கை. நாற்பது கை-வர்க்கச் சோதனை போட்டு, தற்செயலுக்கு நூற்றில் ஐந்து வாய்ப்பு என்ற 0.05 எல்லையை வைத்தால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் சராசரியாக இரண்டு சோதனைகள் தற்செயலாகவே “குறிப்பிடத்தக்கது” என்று வரும். அந்த இரண்டையும் கண்டுபிடிப்பு என்று ஓர் அத்தியாயம் முழுக்க விளக்குவது அடிக்கடி நடக்கிறது. எந்த மூன்று அல்லது நான்கு தொடர்புகளைச் சோதிக்கப்போகிறோம் என்று களத்துக்குப் போகும் முன்பே எழுதி, தேதியிட்டு ஆலோசனைக் குழுவிடம் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

மூன்றாவது, அளவுகோல். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 ஒன்பது கேள்வி கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27, பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்று கொள்வது வழக்கம். இப்படியோர் அளவுகோலை ஆய்வாளரே ஓர் இரவில் தமிழாக்கிக் களத்துக்குக் கொண்டுபோனால், அந்தப் பத்து என்ற கோடு பொருளிழந்துவிடும். சரியான வழி இது: இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பது, மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவது, வேறுபாடுகளை நிபுணர் குழு தீர்ப்பது, பிறகு ஆய்வுக்குரிய மக்களில் சிலரிடம் வாசித்துக் காட்டி “இந்தக் கேள்வி என்ன கேட்கிறது?” என்று விளக்கச் சொல்வது. கடைசிப் படியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், தவறுகள் அதிகம் அகப்படுவதும் அங்கேதான். ஏற்கெனவே சரிபார்த்த தமிழ் வடிவம் இருந்தால் அதையே அனுமதியோடு எடுத்துக்கொள்வது நல்லது.

நான்காவது, முன்-பின் சோதனை. மனச்சோர்வு மதிப்பெண் மிக அதிகமாக உள்ள முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து, எட்டு அமர்வு குழு ஆலோசனை தந்து, மறுபடி அளந்தால் மதிப்பெண் பெரும்பாலும் குறைந்திருக்கும். ஆலோசனையே தராமல் விட்டிருந்தாலும் ஓரளவு குறைந்திருக்கும். மிக மோசமான நாளில் அளந்தவர்களை மறுமுறை அளக்கும்போது அவர்கள் தங்கள் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருப்பார்கள். அமர்வை நடத்தியவரே மறுபடி கேள்வி கேட்டால், அவர் முகத்துக்காகவே “இப்போ பரவாயில்லைங்க” என்பார்கள். ஒப்பீட்டுக் குழுவும், அளப்பதற்கு வேறோர் ஆளும் இல்லாத முன்-பின் ஆய்வை “தலையீட்டு ஆய்வு” என்று அழைப்பதில் பொருளில்லை.

ஐந்தாவது நெறி சார்ந்தது, இதில் தவறினால் ஆள் பாதிக்கப்படுவார். காப்பகத்திலோ மருத்துவமனையிலோ சமூகப்பணியாளராக இருப்பவர் தன்னிடம் உதவி பெறுபவர்களையே ஆய்வில் சேர்க்கும்போது, அவர்களால் மறுக்க முடியாது. ஒப்புதலை வேறொருவர் வாங்க வேண்டும், மறுத்தாலும் சேவை நிற்காது என்று வாயால் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை நேர்காணல் செய்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவை மனதில் வைத்தே திட்டமிட வேண்டும். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது எல்லோருக்கும் கட்டாயம், ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. “நீ சொல்வது எதுவும் வெளியே போகாது” என்று குழந்தையிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதை மீறுவது பெரும் துரோகம். எது ரகசியமாக இருக்கும், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதல் நிமிடத்திலேயே குழந்தைக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். ஆலோசனைக்கு யாரிடம் அனுப்புவது என்ற ஏற்பாடும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

ஒரு சேமிப்புக் கணக்கு கடந்த தூரம்

தொடக்கத்தில் சொன்ன அளவுகோலுக்குப் பொருந்தும் நல்ல எடுத்துக்காட்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு கருத்தின் பயணம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவரான மைக்கேல் ஷெராடன், 1991-இல் ஓர் எளிய கேள்வியை முன்வைத்தார். ஏழைகளுக்கான திட்டங்கள் எல்லாம் வருமானத்தைப் பற்றியே பேசுகின்றன. வசதியுள்ளவர்களுக்கு வீட்டுக் கடன் வரிச்சலுகை, ஓய்வூதியக் கணக்கு என்று சொத்துச் சேர்க்க அரசே உதவுகிறது. ஏழைக்கும் அந்த உதவி கிடைத்தால் என்ன ஆகும்? ஏழை ஒரு டாலர் சேமித்தால் திட்டம் ஒன்று அல்லது இரண்டு டாலர் சேர்த்துப் போடும் ஈட்டுச் சேமிப்புக் கணக்கு இதிலிருந்து பிறந்தது. 1997-இல் தொடங்கிய சோதனை 14 திட்டங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு நடந்தது. ஏழைகளால் சேமிக்க முடியும் என்பது உறுதியானது.

அமெரிக்காவின் துல்சா நகரில், யாருக்குக் கணக்கு என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்த ஒரு பகுதியும் நடந்தது. நான்கு ஆண்டில், கணக்குப் பெற்றவர்களில் சொந்த வீடு வாங்கியவர்கள் அதிகமாகத் தெரிந்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது கணக்குப் பெறாதவர்களும் அதே அளவுக்கு வந்திருந்தார்கள், வேறுபாடு மறைந்துவிட்டது. அந்த ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் வெளியிட்டார்கள். இந்த முழு வரலாற்றிலும் மிக மதிக்கத்தக்க பகுதியாக இதையே சொல்ல வேண்டும். நான்காம் ஆண்டோடு நிறுத்தியிருந்தால் தவறான நம்பிக்கை கொள்கையாகியிருக்கும்.

உகாண்டாவைச் சேர்ந்த ஃப்ரெட் செவமாலா இதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணியில் பிஎச்.டி. செய்தவர். ஷெராடனோடு சேர்ந்து, சிறுதொழில் செய்யும் ஏழைகளின் சேமிப்பைப் பற்றி எழுதினார். பிறகு கேள்வியைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் தொடக்கப் பள்ளியோடு படிப்பை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருந்தால் என்ன மாறும்?

லுகாண்டா மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் சுபி என்ற பெயரில் ஆய்வுகள் தொடர்ந்தன. அந்த வரிசையில் பெரிய ஒன்றில், தென்மேற்கு உகாண்டாவின் 48 தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,400 பிள்ளைகள் பங்கேற்றார்கள். மூன்று குழுக்கள்: வழக்கமான உதவி மட்டும், அதோடு ஒன்றுக்கு ஒன்று ஈட்டுச் சேமிப்பு, அதோடு ஒன்றுக்கு இரண்டு ஈட்டுச் சேமிப்பு. கணக்கு பிள்ளையின் பெயரிலும் வளர்ப்பவரின் பெயரிலும் கூட்டாக இருந்தது. ஈட்டுத் தொகையைத் தொடக்கப் பள்ளிக்குப் பிந்தைய கல்விக்கோ குடும்பத்தின் சிறுதொழிலுக்கோ எடுக்கலாம். பணத்தோடு நிதி மேலாண்மைப் பயிற்சியும் வழிகாட்டியும் உண்டு.

குலுக்கல் பிள்ளை வாரியாக நடக்கவில்லை, பள்ளி வாரியாக நடந்தது. ஒரே வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கணக்கும் அடுத்த பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றால், மனவருத்தமும் வரும், பயிற்சியில் கேட்டது பக்கத்து இருக்கைக்கும் போகும். பள்ளி வாரியாகப் பிரித்தால் அது நடக்காது. ஆனால் அதற்கு விலை உண்டு. ஒரே பள்ளிப் பிள்ளைகள் பல வகையில் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், 1,400 பேர் என்பது 1,400 தனித்தனித் தகவல் ஆகாது. இந்த ஒற்றுமையின் அளவை 0.05 என்று வைத்துக்கொண்டால், பள்ளிக்கு 29 பேர் என்ற கணக்கில் தகவல் சுருங்கும் மடங்கு 1 + (29 − 1) × 0.05 = 2.4 வரும். 1,400-ஐ இதால் வகுத்தால் 583. புள்ளியியல் வலு ஏறக்குறைய அவ்வளவுதான். நம் ஊரில் நான்கு பள்ளியை எடுத்து, பள்ளிக்கு 75 பேர் என்று “300 மாதிரி” கணக்குக் காட்டும் ஆய்வேடுகள் இந்த வகுத்தலைச் செய்வதேயில்லை. நான்கு பள்ளிகள் என்றால் உண்மையில் நான்கை மட்டுமே ஒப்பிடுகிறோம்.

அடுத்த கட்டத்தில் கேள்வி மருத்துவத்துக்குள் நுழைந்தது. எச்ஐவியோடு வாழும் 10 முதல் 16 வயது வரையுள்ள 702 பேர், 39 மருத்துவமனைகள். மாத்திரை இலவசம்தான். ஆனால் மருத்துவமனைக்குப் போகப் பேருந்துக் காசும், மாத்திரையோடு சாப்பிட உணவும் வேண்டுமே. இரண்டு ஆண்டு முடிவில், சேமிப்புக் குழுவில் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர்களின் பங்கு கூடியது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் அந்த மாற்றம் இல்லை. வறுமைக்காகக் கண்ட ஒரு கருவி நோய் சிகிச்சையின் பலனைக் கூட்டியது. முனைவர் பட்டம் பெற்றவர் செய்த சாதனை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அமெரிக்காவிலேயே கருத்து இன்னொரு பக்கம் போனது. ஓக்லஹோமாவில் 2007-இல் பிறந்த குழந்தைகளில் 2,704 பேரைக் குலுக்கலில் எடுத்து, பாதிப் பேரின் பெயரில் பிறந்தவுடனே 1,000 டாலர் கல்விக் கணக்கில் போட்டார்கள். பணத்தைக் குடும்பம் தொட முடியாது. ஆனாலும் குழந்தைக்கு நான்கு வயதானபோது, கணக்குள்ள ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் சமூக, உணர்ச்சி வளர்ச்சியில் மேலாக இருந்தார்கள். நாளை ஒன்று இருக்கிறது என்று தாய் நம்புவது வளர்ப்பையே மாற்றுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

சாதனை எப்போதும் சோதனை முடிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகச் சமூகப்பணிப் பேராசிரியர் எனோலா ப்ராக்டரும் குழுவினரும் 2011-இல், ஒரு நல்ல முறை களத்தில் நிலைக்கிறதா என்று அறிய எட்டு விளைவுகளை வரையறுத்தார்கள். மக்கள் ஏற்பது, அமைப்பு கையிலெடுப்பது, பொருத்தம், நடைமுறைச் சாத்தியம், மாறாமல் பின்பற்றுவது, செலவு, பரவல், நீடிப்பு. மருத்துவத் துறையின் செயலாக்க ஆய்வுகள் இன்று உலகெங்கும் இந்தப் பட்டியலைப் பயன்படுத்துகின்றன.

தமிழ்நாட்டில் இதே கேள்வி

நம் மாநிலத்தில் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் 1992-இலிருந்தே இருக்கிறது. ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண் குழந்தைகள் என்றால் தலா 25,000 ரூபாய் வைப்பாகப் போட்டு, 18 வயது நிறைந்ததும் முதிர்வுத் தொகை தருவது. ஓக்லஹோமாவுக்கு முன்பே பிறந்த, அதைவிடப் பரந்த ஏற்பாடு இது. “திட்டம் பற்றிய விழிப்புணர்வு: ஓர் ஆய்வு” என்ற தலைப்போடு இதை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

வைப்புத் தொகை பெற்ற பெண்களின் திருமண வயதும் படிப்பும் மாறினவா என்று கேட்கலாம். ஆனால் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் நேராக ஒப்பிட முடியாது. திட்டத்தில் சேர பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்திருக்க வேண்டும், ஆண் குழந்தை இருக்கக் கூடாது. பெண் பிள்ளை போதும் என்று முடிவெடுத்த பெற்றோர் மகளைப் படிக்க வைப்பதிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருப்பார்கள். திட்டத்துக்கு உள்ள வருமான வரம்புக்குச் சற்று மேலும் கீழும் உள்ள குடும்பங்களை ஒப்பிடுவது புத்தகம் சொல்லும் வழி. அங்கேயும் ஒரு பொறி உண்டு. சான்றிதழில் வருமானம் வரம்பைப் பார்த்து எழுதப்பட்டால், கோட்டுக்குக் கீழே கூட்டம் சேர்ந்துவிடும், ஒப்பீடு கெட்டுவிடும். முதலில் அந்தக் குவியல் இருக்கிறதா என்று வரைபடம் போட்டுப் பார்க்க வேண்டும். இருந்தால், வைப்புத் தொகை உயர்த்தப்பட்ட தேதிக்கு முன்னும் பின்னும் சேர்ந்த குடும்பங்களை ஒப்பிடுவது அடுத்த வழி, ஏனென்றால் இருவருமே அதே நிபந்தனையைக் கடந்து வந்தவர்கள். ஒரு முனைவர் மாணவர் நான்கு ஆண்டில் முடிக்கக்கூடிய வேலை இது. பதிவேடு கேட்டு அலுவலகம் ஏறி இறங்கவே ஓராண்டு ஆகலாம் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாதனைப் பட்டியலைப் படிக்கும்போது

1. ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இருக்கிறதா? பட்டம் அறிவிக்கும் முன் மின்படியை அதை நடத்தும் இன்ஃப்ளிப்நெட் மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆய்வுமுறை அத்தியாயத்தை முதலில் திறந்து, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள்.

2. கட்டுரைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஆய்வேட்டின் மையக் கண்டுபிடிப்பு எந்த இதழில் வந்தது என்று பாருங்கள். இருபது கருத்தரங்கச் சான்றிதழைவிட, நிபுணர்கள் திருத்தச் சொல்லி ஓராண்டு அலைக்கழித்து வெளியிட்ட ஒரு கட்டுரை மேல்.

3. விருது என்றால், யார் தந்தது, போட்டி இருந்ததா? அமெரிக்காவில் சமூகப்பணி ஆய்வுச் சங்கம் தரும் சிறந்த ஆய்வேட்டு விருதைப் போன்றவை மதிப்பீட்டுக்குப் பின் வருபவை. கட்டணம் கட்டினால் கிடைக்கும் “சிறந்த ஆய்வாளர் விருது” எதையும் காட்டுவதில்லை.

4. அவர் உருவாக்கிய கேள்வித்தாளையோ பயிற்சிக் கையேட்டையோ வேறு எவராவது பயன்படுத்தினார்களா? எல்லாவற்றையும்விட எடை கூடிய சான்று இதுதான், பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறுவதும் இதுதான்.

பட்டம் தராதவை

உதவிப் பேராசிரியர் பணிக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை. 2023 ஜூலை முதல் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வுகளான செட், ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி. மருத்துவத்துக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் உள்ளதுபோல, பதிவும் உரிமமும் தரும் சட்டப்படியான தனித் தேசிய மன்றம் இந்தியச் சமூகப்பணித் துறை முழுவதற்கும் என்று இல்லை. ஆகவே முனைவர் பட்டம் தொழில் உரிமம் எதையும் கொண்டுவராது.

மனநலத் துறையில் இது இன்னும் கூர்மையாகிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன்படி “மனநலச் சமூகப்பணியாளர்” என்றால், சமூகப்பணியில் முதுகலையும், முழுநேர இரண்டாண்டு மனநலச் சமூகப்பணி எம்.ஃபில். பட்டமும் பெற்றவர். பிஎச்.டி. மட்டும் வைத்திருப்பவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். யுஜிசி 2022-இல் எம்.ஃபில். படிப்பையே நிறுத்தியபோது பெரிய குழப்பம் வந்தது. பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் அதை 2025–26 கல்வியாண்டு வரை நீட்டித்தது. மருத்துவமனை வேலையை நினைத்து பிஎச்.டி. சேர்பவர்கள், கட்டணம் கட்டும் முன் அந்த எம்.ஃபில். இடங்களின் இப்போதைய நிலையையும் அதற்கு மாற்றாக ஏற்கப்படும் படிப்பையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.